பட்டர் கிரீம் ரோஜா: பாணிகளும் நம் ஊர் வெயிலும்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் கிழக்கே வந்தால் அயோத்தியாப்பட்டணம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைக் கோதண்டராமர் கோயிலால் தெரியும். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமர் இங்கே தங்கினார் என்று ஊரில் கதை உண்டு. இந்தச் சாலையோரத்து பேக்கரிகளில் எதற்குள் நுழைந்தாலும் கண்ணாடி அலமாரியில் ஒரு ரோஜா இருக்கும். சிவப்போ இளஞ்சிவப்போ, பக்கத்தில் பச்சை இலை இரண்டு. கேக் வெட்டும்போது அந்த ரோஜா யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை போடாத வீடே இல்லை. இத்தனை பழக்கமான பூவின் இலக்கணம் மட்டும் மாஸ்டர்களின் கையோடு நின்றுவிட்டது. பேக்கரிக்காரர்களும் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவர்களும் சேர்ந்து கொண்டுவரும் இந்த மலரில் அதைக் கொஞ்சமாவது எழுத்தில் பதிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ரோஜாவின் பாணியைத் தீர்மானிப்பதில் கைக்கு இருக்கும் பங்கைவிடக் கொழுப்புக்கு இருக்கும் பங்கு பெரிது என்பது என் கருத்து. எந்தக் கொழுப்பு, எந்த ஊர்ச் சூட்டில், எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு ஊர்க்காரரும் ஒவ்வொரு பதில் கண்டார்கள். அந்தப் பதில்களைத்தான் இன்று பாணிகள் என்று பெயர் சொல்லி அழைக்கிறோம். நம் சமவெளிக்கும் அப்படி ஒரு பதில் வேண்டும்.

கேக்கின் மேல் அலங்காரம் செய்வது முதலில் வெண்ணெயில் தொடங்கவில்லை. முட்டை வெள்ளைக்கருவையும் பொடித்த சர்க்கரையையும் அடித்துப் பூசுகிற ராயல் ஐசிங்தான் மூத்தது. இங்கிலாந்தில் எலிசபெத் ராஃபால்ட் 1769-ல் வெளியிட்ட சமையல் நூலிலேயே பாதாம் விழுதின் மேல் வெள்ளை ஐசிங் பூசும் முறை வந்துவிட்டது. 1840-ல் விக்டோரியா மகாராணியின் திருமணக் கேக்குக்குப் பிறகு அந்த வெள்ளைக்கு ஒரு ராஜ அந்தஸ்தும் சேர்ந்தது. ஜோசப் லாம்பெத் 1934-ல் வெளியிட்ட நூல் இந்த மரபின் உச்சம். கோட்டின் மேல் கோடு, அதன் மேல் இன்னொரு கோடு என்று அடுக்கி அடுக்கிக் கட்டும் முறை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. ராயல் ஐசிங்கில் செய்த ரோஜா காய்ந்தால் கல். மாதக்கணக்கில் டப்பாவில் வைக்கலாம், வெயிலுக்கும் அசையாது. ஆனால் பல்லுக்கு வேலை வைக்கும். தட்டில் ஓரமாக ஒதுக்கப்படும் பூவை நான் பாதிப் பூ என்றுதான் சொல்வேன்.

நம் பக்கத்தில் கேக் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1883-ல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவருக்காகச் செய்த கிறிஸ்துமஸ் கேக்கை இந்தியாவின் முதல் கேக் என்பார்கள். அது பழக் கேக், அதில் கிரீமுக்கு வேலை இல்லை.

வெண்ணெய் ரோஜாவுக்கு எண்ணும் கணக்கும் வைத்தவர்கள் அமெரிக்கர்கள். மிட்டாய்த் தொழிலிலிருந்து வந்த டூயி மெக்கின்லி வில்டன் 1929-ல் சிகாகோவில் கேக் அலங்காரம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இன்று நாம் '104-ஆம் நம்பர் நாசில்' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த எண் வழக்கம் உலகம் முழுவதும் பரவியதில் வில்டன் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு. 101 சின்னது; 102, 103, 104 என்று படிப்படியாகப் பெரிதாகும். இவற்றின் வாய் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் நீர்த்துளி வடிவில் இருக்கும். அகலப் பக்கம் கீழே, ஒடுங்கிய பக்கம் மேலே. இதைத் தலைகீழாகப் பிடித்தால் இதழின் ஓரம் தடித்து, அடி மெலிந்து, பூ குனிந்துவிடும்.

அந்த வில்டன் ரோஜாவைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்ப்போம். இடது கையில் ரோஸ் நெயில். தட்டைத் தலை உள்ள பெரிய ஆணி அது. அதன் தலையில் ஒரு பொட்டுக் கிரீம் வைத்துச் சதுரமாக வெட்டிய பட்டர் பேப்பரை ஒட்ட வேண்டும். வட்ட வாய் உள்ள 12-ஆம் நம்பர் நாசிலால் நடுவில் ஒரு கூம்பு. கூம்புக்கு நல்ல அடி வேண்டும். அடி குறுகினால் பத்தாவது இதழில் பூ சாய்ந்துவிடும். அடுத்து 104. அதன் ஒடுங்கிய முனை உள்பக்கம் சாய்ந்திருக்க, கூம்பின் உச்சியைச் சுற்றி ஒரு நாடா. அதுதான் மொட்டு. வலது கைக்காரர் ஆணியைக் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். திருப்புவதும் பிதுக்குவதும் ஒரே வேகத்தில் போக வேண்டும். பிறகு மொட்டைச் சுற்றி மூன்று இதழ்கள், நாசில் நேராக நிற்கும். ஒவ்வொரு இதழும் வானவில் போல எழுந்து இறங்க வேண்டும். அடுத்த சுற்றில் ஐந்து இதழ்கள், நாசில் கொஞ்சம் வெளியே சாயும். கடைசிச் சுற்றில் ஏழு, இன்னும் நன்றாகச் சாயும். ஒரு இதழ் முடிவதற்கு முன்பே அடுத்த இதழ் அதன் முதுகுப் பக்கத்திலிருந்து புறப்பட வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் போவதால் ஒரு சுற்றின் இதழ் முந்தைய சுற்றின் இதழுக்கு நேர் பின்னால் போய் ஒளியாது. இடைவெளியைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் மொட்டில்தான் திணறுவார்கள். மேலிருந்து பார்த்தால் ஓட்டை தெரியாமல் மொட்டை மூடத் தெரிந்துவிட்டால் முக்கால் ரோஜா கைக்கு வந்தாயிற்று.

வில்டன் பள்ளியின் பட்டர் கிரீம் எளிமையானது. ஒரு பங்கு கொழுப்பு, எடையில் இரண்டு பங்கு ஐசிங் சுகர். விறைப்பாக நிற்கும், ஆனால் இனிப்பு தொண்டையை அடைக்கும்.

இந்த முறை நம் ஊருக்கு வந்தபோது வெண்ணெயின் இடத்தில் வனஸ்பதியும் மார்ஜரினும் உட்கார்ந்தன. விலை மட்டும் இதற்குக் காரணமில்லை. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கும். சித்திரையில் சேலம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். கூரை ஷீட் போட்ட பேக்கரியின் பின்கட்டில், அடுப்புக்குப் பத்தடி தள்ளி, ஏ.சி. இல்லாமல், வெண்ணெயில் ரோஜா போடச் சொன்னால் வில்டனே கையை விரித்திருப்பார். நம் மாஸ்டர்கள் போட்டார்கள். வனஸ்பதியின் உருகுநிலை வெண்ணெயைவிட உயரம் என்பதால் அது முடிந்தது. நெயில் கிடைக்காத காலத்தில் மரக் குச்சியின் நுனியிலேயே மொட்டைப் பிடித்து இதழ் சுற்றி, கத்தரிக்கோலால் கீழிருந்து கவ்வி எடுத்துக் கேக்கின் மேல் இறக்குவார்கள். பேப்பர் கோனைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டி அதையே நாசிலாக்கிக்கொண்டவர்களும் உண்டு. பண்டிகை நாளில் ஒருவர் நிற்காமல் ரோஜா சுற்றிக்கொண்டே இருக்க, பக்கத்தில் பையன் ஒருவன் தட்டு தட்டாக அடுக்கிக்கொண்டே இருப்பான். இதழ் ஏழோ எட்டோதான், ஓரம் தடிமன்தான். ஆனால் மாலை ஏழு மணிக்கு மண்டபத்தில் கேக் வெட்டும்வரை பூ பூவாகவே இருந்தது. எந்த வெளிநாட்டுப் புத்தகமும் கற்றுக்கொடுக்காத ஒரு தொழில்நுட்பம் இது. இதைச் சமவெளிப் பள்ளி என்று மரியாதையோடு பெயரிட்டு அழைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

அந்தப் பள்ளியின் குறை நாக்கில் இருந்தது. வாய்க்குள் உருகாமல் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். உடலுக்கும் ஆகாது. வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்று உறுதியானதும், 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்துவிட்டது. பழைய சரக்கு போக வேண்டியதுதான், போகட்டும். அதைக் கையாண்ட கைகளின் சாமர்த்தியத்தையும் சேர்த்துத் தூக்கி எறியக் கூடாது.

இதற்கு இடையே 'ஃப்ரெஷ் கிரீம்' வந்து எல்லாக் கடைகளையும் பிடித்துக்கொண்டது. 1945-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் ரிச் என்பவர் சோயாவிலிருந்து பால் இல்லாத விப்பிங் கிரீமை உருவாக்கினார். அந்த வகைக் கிரீம்தான் இன்று நம் பேக்கரிகளில் அடிக்கப்படுகிறது. இப்போது பெரும்பாலும் பனைக்கொட்டை எண்ணெயில் செய்கிறார்கள். பாதி உறைந்த நிலையில் எடுத்து அடித்தால் மூன்று மடங்கு உப்பும். பூச நன்றாக இருக்கும், இனிப்பும் மட்டு. ரோஜாவுக்கு மட்டும் அது உகந்தது இல்லை. உள்ளே காற்று நிறைய இருப்பதால் இதழின் ஓரம் பிசிறுபிசிறாக வரும். ஒரே அமுக்கில் முழுப் பூ விழும் ரஷ்யன் நாசில்கள் வேறு வந்தன. அவசரத்துக்கு உதவும், அவ்வளவே.

கவனித்துப் படிக்க வேண்டிய பள்ளி கொரியாவுடையது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சியோல் நகரத்துக் கலைஞர்கள் பட்டர் கிரீம் பூவை வேறொரு தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய கிரீமின் அடித்தளம் மெரிங்க். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, 118 டிகிரிவரை காய்ச்சிய சர்க்கரைப் பாகைச் சன்னமாக ஊற்றினால் இத்தாலிய முறை. வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் 71 டிகிரிவரை சூடாக்கிப் பிறகு அடித்தால் சுவிஸ் முறை. இரண்டிலும் கடைசியில் வெண்ணெய் சேரும். கொரியர்கள் அந்த வெண்ணெயைக் குளிர்ந்த நிலையிலேயே போட்டு, காற்று அதிகம் ஏறாமல் நிறுத்திவிடுவார்கள். அதனால் கிரீம் வெளுத்து உப்பாமல், பளபளப்போடு, ஒளி ஊடுருவுகிற மாதிரி வரும். நாசிலின் ஒடுங்கிய முனையைக் குறடால் இன்னும் நசுக்கிவிடுவதால் இதழின் ஓரம் வெங்காயச் சருகுபோல் மெலிகிறது. இரண்டு மூன்று நிறங்களைப் பைக்குள் பட்டை பட்டையாக வைப்பார்கள், ஒரே இதழில் நிறம் மாறி மாறி விழும். கையின் சூடு பைக்குள் இறங்காமல் இருக்கப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வார்கள். வெண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்கு வெள்ளைப் பயற்று விழுதிலேயே பூ செய்யும் கிளையும் அவர்களிடம் உண்டு.

முட்டை நம்மிடம் இல்லாததா? நாமக்கல் நம் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்கும் வித்தையும் தமிழனுக்குப் புதிதில்லை, தூத்துக்குடி மக்ரூன் அதில்தானே நிற்கிறது. ஆனால் கொரியப் பூவை அப்படியே இங்கே இறக்குவது முடியாத காரியம். அது குளிர் அறையில் பிறந்து குளிர் அறையிலேயே உண்ணப்படும் பூ. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு, மண்டபத்தில் ஏ.சி. உண்டா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இலங்கைத் தமிழர்களின் வழக்கத்தையும் இரண்டு வரி சொல்ல வேண்டும். வெண்ணெயும் ஐசிங் சுகரும் அடித்த பட்டர் ஐசிங் அங்கே வீட்டுச் சமையலிலேயே சேர்ந்தது. திருமணத்துக்கு ரவை, முந்திரி, பூசணிப் பாகுப்பழம் போட்ட ரிச் கேக்கைத் துண்டு போட்டுச் சின்னப் பெட்டிகளில் விருந்தினருக்குக் கொடுப்பார்கள். மேடையில் நிற்பது பெரும்பாலும் தெர்மோகோலில் கட்டிய கோபுரம். உண்பதையும் காட்டுவதையும் இப்படி வெளிப்படையாகவே பிரித்துக்கொண்டது நேர்மையான ஏற்பாடு. டொராண்டோவிலும் லண்டனிலும் பூப்புனித நீராட்டு விழாக்களில் நிற்கும் அடுக்குக் கேக்குகள் அந்த மரபின் நீட்சி.

இனி நம் வெயிலுக்கு வருவோம். இங்கே நான் கற்றுக்கொடுக்கும் அளவு இது. மார்கழி, தை மாதங்களில் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு உப்பில்லாத வெண்ணெய், ஒரு பங்கு டிரான்ஸ் கொழுப்பு இல்லாத ஷார்ட்னிங். பங்குனி பிறந்தால் பாதிக்குப் பாதி. ஆவின் வெண்ணெய் போதும். வெளிநாட்டு வெண்ணெயைத் தேடி அலைய வேண்டியதில்லை. உருக்கி ஆற வைத்த வெள்ளை சாக்லேட் கொஞ்சம் சேர்த்தால் விறைப்பும் கூடும், சுவையும் கூடும். அதிலுள்ள கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி அளவில்தான் இளகும். ஐசிங் சுகர் கட்டி தட்டாமல் இருக்கக் கம்பெனிகள் சோள மாவு சேர்க்கின்றன. வீட்டில் அரைப்பவர்கள் மரவள்ளி ஸ்டார்ச் ஒரு கரண்டி சேர்த்து அரைத்துச் சலிக்கலாம். வாழப்பாடி, ஆத்தூர் சேகோ ஆலைகள் இருக்கும் ஊரில், 1981-லிருந்து சேகோசர்வ் இயங்கும் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. விடிகாலையில், வெயில் ஏறுவதற்குள் பூ போட்டு முடித்துவிட வேண்டும். பையைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கை பட்டுப் பட்டுக் கிரீம் இளகியதும் அந்தப் பையை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுத்த பையை எடுக்க வேண்டும். பேப்பரோடு பூவை ஃப்ரீசரில் கால் மணி நேரம் வைத்தால் கையால் எடுத்து வைக்கலாம். கரண்ட் போகும் நேரம் தெரிந்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். இங்கே அதுவும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

தரம் என்று எதைச் சொல்வது? மேலிருந்து பார்த்தால் மொட்டு மூடியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். எல்லாச் சுற்றும் ஒரே உயரத்தில் நின்றால் அது முட்டைக்கோஸ் ஆகிவிடும். ஓரம் கிழிந்திருந்தால் கிரீம் விறைப்பு அதிகம் அல்லது பிதுக்கிய அழுத்தம் குறைவு. ஓரத்தில் குழி இருந்தால் காற்றுக் குமிழி. ஸ்பேட்டுலாவால் பாத்திரத்தின் ஓரத்தில் தேய்த்துத் தேய்த்துக் குமிழியை உடைத்திருக்க வேண்டும். இவை எல்லாம் கைவேலையின் குறைகள், பழகினால் போய்விடும்.

எந்த ரோஜாவைப் பார்த்துப் போடுகிறோம் என்ற கேள்வியை மட்டும் யாரும் எழுப்புவதில்லை. புத்தகத்து ரோஜா எல்லாமே நீண்ட மொட்டும் ஓரம் சுருண்ட இதழும் உள்ள ஜாதி. ஓசூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் 'தாஜ்மகால்' சிவப்பு ரோஜா அந்த அச்சு. ஆனால் சேலம் பூ மார்க்கெட்டில் கூடைகூடையாகக் குவியும் பன்னீர் ரோஜா வேறு. குட்டையான இதழ்கள், நடுவில் நெருக்கம், மேல் தட்டை, நிறம் வெளிர் இளஞ்சிவப்பு. அதை 102-ஆம் நம்பர் நாசிலால், மொட்டை உயர்த்தாமல், உள்ளே சிறு சிறு மடிப்புகளாக நிரப்பிப் பிறகு வெளிச்சுற்றுகளைத் தாழ்த்திப் போட்டால் அச்சாக வருகிறது. பூ குட்டை என்பதால் சூட்டில் சரிவதும் குறைவு. நம் ஊர்ப் பெண்கள் தலையில் வைக்கும் பூ, நம் ஊர்க் கேக்கில் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

நிறத்தில் விளையாட்டே கூடாது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமைன்-பி என்ற சாயம் அதில் இருந்ததே காரணம். இளஞ்சிவப்பு ரோஜா போடுகிற நமக்கும் அதே சோதனை உண்டு. பாக்கெட் இல்லாமல் பொட்டலம் கட்டி விற்கும் நிறப்பொடியைத் தொடவே கூடாது. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமும் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பட்டர் கிரீமில் நிறம் மெள்ள மெள்ள ஏறும். மாலையில் வெளிராகத் தெரிவது மறுநாள் காலையில் ஒரு படி கூடியிருக்கும். அதனால் முந்தின நாளே கலந்து வைப்பவர்களுக்குக் குறைந்த நிறமே போதும். அடர் சிவப்பு வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அடர் சிவப்பு ரோஜா நாக்கில் கசக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முட்டை இல்லாத கேக் கேட்பவர்கள் நம் பக்கத்தில் மிக அதிகம். கேக்கை எக்லெஸ் ஆகச் செய்துவிட்டு மேலே மெரிங்க் பட்டர் கிரீமில் பூ வைத்தால் அந்தக் கேக்குக்குப் பச்சைப் புள்ளி போட முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு வெண்ணெயும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்த்து அடிக்கும் ரஷ்ய முறை இருக்கிறது, மாவும் பாலும் கூழாகக் காய்ச்சி ஆற்றி வெண்ணெயில் அடிக்கும் முறை இருக்கிறது. இரண்டும் கொஞ்சம் இளக்கம்தான், ஆனால் வாக்குச் சுத்தம் அதைவிடப் பெரிது.

பெங்களூரில் 1970-களிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெரிய கேக் கண்காட்சி நடக்கிறது. சர்க்கரையில் அரண்மனையும் கோபுரமும் எழுப்பிப் பார்ப்பவர்களை அசத்துகிறார்கள். அந்த உழைப்புக்கு என் வணக்கம். ஆனால் அதைப் பார்த்து நம் ஊர்ப் போட்டிகளிலும் பூவைக் கண்ணாடிக்குள் வைத்து, தூரத்தில் நின்று மதிப்பெண் போடும் பழக்கம் வந்துவிட்டது. பட்டர் கிரீம் ரோஜாவுக்கு அது பொருந்தாது. எனவே போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூவைப் போட்டு முடித்ததும் ஃப்ரிட்ஜில் வைக்காமல் இரண்டு மணி நேரம் சாதாரண அறையில் வையுங்கள். பிறகு பாருங்கள், நிற்கிறதா என்று. பிறகு ஒரு இதழைக் கிள்ளி வாயில் போடுங்கள். மதிப்பெண்ணில் பாதியைச் சுவைக்கு ஒதுக்குங்கள். நாற்பது ஆண்டுகளாகக் குச்சியில் ரோஜா சுற்றிய பழைய மாஸ்டர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது நடுவர் நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கையை வீடியோ எடுத்து வையுங்கள்.